படுக்கையருகே நிலைத்திருப்போர்

கொல்லிமலை என்றதும் தமிழ் கற்றோர் நினைவில் முதலில் எழுபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சங்கப் புலவர்கள் போற்றிய அவன், இம்மலைக்கும் இதைச் சூழ்ந்த நாட்டுக்கும் தலைவனாக விளங்கினான். நாடி வந்தோருக்குத் தன்னிடம் இருந்ததையெல்லாம் வாரி வழங்கினான் என்பது அவன் புகழ். அதே மலையில் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு கொடையும் வழங்கப்பட்டது. நோயுற்றுக் கிடந்தோரின் படுக்கையருகே தம் நேரத்தையும் உடல்நலத்தையும் இறுதியில் உயிரையுமே செலவிட்ட சிலருடைய கொடை அது. ஓரியின் கொடைக்குப் பாட்டு உண்டு. இக்கொடைக்கு மலையில் சில கல்லறைகளும் மக்கள் நினைவுமே சான்று.

இவ்வரலாற்றை இன்று நாம் எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நம் பங்குகளில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியோரும், மருத்துவம் கைவிட்ட புற்றுநோயாளரும் பலர். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, மாதம் ஒருமுறை நற்கருணை கொண்டுவரும் குருவானவரைத் தவிர வேறு முகமறியாதோரும் அவர்களிடையே உள்ளனர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாளை, 1993 முதல் ஆண்டுதோறும் பிப்ரவரி 11-ஆம் நாளில் நாம் கொண்டாடி வருகிறோம். அன்று பழமும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்வோர் கூட்டம் பெரிது. தவக்காலத்திலும் அவ்வாறே. ஆனால் பாஸ்கா முடிந்து பெந்தகோஸ்து வருமுன் அக்கூட்டம் எங்கே போய்விடுகிறது? நல்லெண்ணம் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. தொடங்கச் செய்யும் விசை ஒன்று, நிலைத்திருக்கச் செய்யும் விசை வேறு என்பதை நாம் உணராததே குறை. இவ்வேறுபாட்டைக் கொல்லிமலையின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

மலைக்கு வந்த இருவர்

இன்று நாமக்கல் மாவட்டத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பேருந்தில் அமர்ந்தபடியே கொல்லிமலைக்குச் சென்றுவிடுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் அங்கே செல்லச் சாலை இல்லை. நடந்தோ டோலியிலோதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இரவு தங்கத் தயங்கினார்கள். இத்தகைய மலைக்கு 1913-ஆம் ஆண்டில் புதுமணத் தம்பதியராய் ஏறி வந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லின் பிராண்டும். இங்கிலாந்தைச் சேர்ந்த இவர்கள் பாப்டிஸ்ட் சபையினர். நம் திருச்சபையைச் சேராதவர்கள் எனினும், கிறிஸ்துவில் நமக்குச் சகோதரர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இவ்வாறு அழைக்க நமக்குக் கற்றுக்கொடுத்துள்ளது. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

ஜெஸ்ஸி 1907-இல் இந்தியா வந்தவர். கட்டட வேலை அறிந்தவர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயிற்சி பெற்றிருந்தாரே தவிர, பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். எவ்லின் 1879-இல் இலண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியக்கலை பயின்றவர். வாழவந்தியில் வீடமைத்துக்கொண்டு, பள்ளி நடத்துவதும், தச்சு வேலை கற்பிப்பதும், நோயாளருக்கு மருந்து கொடுப்பதுமாக அவர்கள் பணி தொடங்கியது. நற்செய்தியை அறிவித்து மலைமக்களைத் திருமுழுக்குப் பெறச் செய்ய வேண்டும் என்பதே அவர்களை அங்கே கொண்டுவந்த நோக்கம். அந்நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால், முதல் சில ஆண்டுகள் முழுத் தோல்வியே. மருந்து வாங்க மக்கள் வந்தார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். பூசாரி ஒருவரின் எதிர்ப்பும் இருந்தது.

இந்நிலையில் அவர்களை அங்கேயே இருத்தியது எது? அன்றாட வேலைதான் என்று நமக்குத் தோன்றுகிறது. எடுத்துக்காட்டாக, நரம்புச் சிலந்தி நோயைச் சொல்லலாம். அசுத்த நீர் வழியாக உடலுக்குள் சென்ற புழு, நீண்டு வளர்ந்து, காலில் புண் உண்டாக்கித் தலைநீட்டும். அதை ஒரே இழுப்பில் இழுத்துவிட முடியாது. அறுந்துபோனால் உள்ளே தங்கிய பகுதி சீழ்கட்டி நோயாளியை முடக்கிவிடும். சிறு குச்சியொன்றில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் இவ்வாறு மலைமக்களின் கால்களிலிருந்து புழுக்களை எடுத்தார். கூடவே, மக்கள் காலை நனைத்து இறங்கும் நீர்நிலைகளுக்குப் பதிலாகச் சுவர் எழுப்பிய கிணறுகளை அமைக்கவும் தூண்டினார். இந்நோய் இந்தியாவிலிருந்து முற்றிலும் ஒழிந்தது என 2000-ஆம் ஆண்டில் சான்றளிக்கப்பட்டது. அந்த வெற்றிக்குப் பின்னே, குச்சியைக் கையில் பிடித்து அடுத்த நாளும் அதே காலருகே அமர்ந்த எத்தனையோ பேருடைய பொறுமை இருக்கிறது. இன்றைக்கு இவ்வளவு போதும், நாளை மீண்டும் வருவோம் என்ற அளவான உறுதி, பெரிய கனவுகள் பொய்த்தபோதும் ஒருவரைத் தாங்கி நிற்கும்.

காய்ச்சல் கற்பித்த பாடம்

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918-ஆம் ஆண்டில், உலகெங்கும் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அக்காய்ச்சல் கொல்லிமலையையும் விட்டுவைக்கவில்லை. குடும்பமே படுத்துவிட்ட வீடுகளில் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. நோய்க்கு அஞ்சி உறவினரும் ஒதுங்கினர். அக்காய்ச்சலுக்கு அன்று மருந்து கிடையாது. பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சிப் பாத்திரங்களில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, படுத்திருந்தோர் வாயில் ஊட்டினார்கள்.

அவர்களை எதிர்த்து நின்ற பூசாரியும் அந்நோயில் விழுந்தார். அருகில் வர எவரும் துணியாத வேளையில், அவர் யாரை வெறுத்தாரோ அவர்களே வந்து அவருக்குப் பணிவிடை செய்தார்கள். உயிர் பிரியுமுன் அவர் தம் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைக்க விரும்பினார். தாம் நம்பத் தயங்கிய மனிதரிடமே, தமக்கு மிக அருமையானதை நம்பிக் கொடுத்தார். குழந்தைகள் பிராண்ட் குடும்பத்தின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். அதன் பின்னரே மலைமக்கள் பிராண்ட் தம்பதியரை நம்மவர் என்று கருதத் தலைப்பட்டார்கள்; சிறியதொரு கிறிஸ்தவச் சமூகமும் மெல்ல உருவாயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சமயப் பரப்புதலின் வெற்றிக் கதையாகச் சொல்வது எளிது. நாம் அவ்வாறு சொல்ல விரும்பவில்லை. சாகும் தறுவாயில் இருப்பவரின் பலவீனத்தை எதற்கும் வாய்ப்பாகப் பயன்படுத்தலாகாது என்பதை இன்றைய இறுதிக்காலப் பராமரிப்பு உறுதியான நெறியாகக் கொண்டுள்ளது. அது நற்செய்திக்கும் உகந்த நெறியே. இங்கே நாம் காண வேண்டியது வேறு. கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அன்று, பூசாரி மனம் மாறுவார் என்ற எதிர்பார்ப்பால் எவரும் புறப்பட்டிருக்க முடியாது. அவர் பிழைப்பதே அரிது. பலனைக் கணக்கிட்டிருந்தால் அந்த வீட்டை விட்டுவிட்டு, பிழைக்கக்கூடியோர் வீடுகளுக்கே சென்றிருப்பார்கள். குணமாகாதவரிடம் செல்வோருக்குப் பலனைக் கணக்கிடும் பழக்கம் முதலில் உதிர்ந்துவிட வேண்டும். அது உதிராதவரையில் ஒவ்வொரு மரணமும் தோல்வியாகத் தோன்றும். நான்கு மரணங்களுக்குப் பின் தொண்டர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

மீண்டும் ஏறிய மலை

1929-ஆம் ஆண்டு சூன் மாதம், மலைக்காய்ச்சலின் கொடிய வடிவமாகிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி பிராண்ட் மலையிலேயே மாண்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி மூலம் செய்தி எட்டியது. தந்தை உயிரோடிருக்கையில் எழுதிய மடல் அதன் பின்னரே கப்பல்வழி வந்து சேர்ந்தது.

எவ்லின் சிறிது காலம் இங்கிலாந்தில் தங்கிவிட்டுத் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளிப் பணியிலும் அமர்த்தியது. ஏறத்தாழ எழுபது வயதில் ஓய்வு கொடுக்கப்பட்டபோது, எவரும் எதிர்பாராத முடிவை எடுத்தார்: கொல்லிமலைக்கே திரும்பினார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை முதலிய மலைத்தொடர்களிலும் பணியாற்ற வேண்டும் என்பது கணவரும் அவரும் சேர்ந்து கண்ட கனவு. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகச் சென்றார். இடுப்பெலும்பு முறிந்தபின் இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். மலையை விட்டு இறங்கி வந்துவிடுமாறு மகன் வேண்டியபோது, பயன்படுத்தாமல் காப்பாற்றி வைப்பதற்கு இந்த முதிய உடல் எதற்கு என்னும் பொருள்படவே மறுமொழி கூறினார். தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என அம்மகன் பின்னாளில் எழுதியுள்ளார். ‘பிராண்ட் பாட்டி’ என்று அழைக்கப்பட்ட அவர் 1974 திசம்பரில், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். மலையிலேயே, கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். தந்தையும் தாயும் புண்களைக் கழுவுவதைக் கண்டு சிறுவயதில் மருத்துவத்தையே வெறுத்த மகன் பால் பிராண்ட்தான், 1946 முதல் வேலூரில் பணியாற்றித் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்து உலகப் புகழ்பெற்றார்.

துயரம் எவ்லினை மீண்டும் மலைக்கு அழைத்தது என்று சொன்னால் அது பாதி உண்மையே. துயரத்தால் ஓரிரு ஆண்டுகள் ஓடலாம்; ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு முதுமைத் தொண்டைத் துயரத்தால் மட்டும் நடத்த இயலாது. அம்மலையில் அவருக்குப் பெயர் சொல்லி அழைக்கும் மனிதர்கள் இருந்தார்கள். தாம் கொடுக்க வந்த இடத்தில் பெற்றுக்கொள்ளவும் அவர் கற்றிருந்தார்.

லியோனிலும் இலண்டனிலும்

இவ்வுண்மை கொல்லிமலைக்கு மட்டும் உரியதன்று. ‘ஹாஸ்பிஸ்’ எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களின் வரலாற்றில் முதலில் நிற்பவர்களுள் ஒருவர், பிரான்சு நாட்டு லியோன் நகரின் ழான் கார்னியே என்னும் இளம் விதவை. கணவரையும் இரு குழந்தைகளையும் இழந்த அவர், 1842-இல், தம்மைப்போன்ற விதவையரைச் சேர்த்து ‘கல்வாரிப் பெண்கள்’ என்ற சங்கத்தை நிறுவினார். அவர்கள் துறவியர் அல்லர், பொதுநிலையினர். மருத்துவமனைகள் ஏற்க மறுத்த, புண் நாறும் புற்றுநோயாளரைத் தம் இல்லத்தில் சேர்த்து, கட்டுகளை மாற்றி, அவர்கள் உயிர் பிரியும்வரை உடனிருந்தார்கள். ழான் தனியே துயரத்தோடு போராடியிருந்தால் அவரது தொண்டு அவரோடே முடிந்திருக்கும். துணைகளைத் தேடிக்கொண்டதால், 1853-இல் அவர் இறந்தபின்னும் அப்பணி பிற நகரங்களுக்குப் பரவியது.

நூறாண்டு கழித்து இலண்டனில் மருத்துவச் சமூகப் பணியாளராயிருந்த சிசிலி சான்டர்ஸ், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதரைச் சந்தித்தார். உறவினர் எவருமின்றி அவர் 1948-இல் மாண்டபோது, சிசிலி ஒருநாள் கட்டப்போகும் இல்லத்தில் ஒரு சன்னலாக இருக்க வேண்டுமென்று ஐந்நூறு பவுண்டு விட்டுச்சென்றார். அதன்பின் சிசிலி ஓர் இறுதிக்கால இல்லத்தில் மாலைவேளைகளில் தொண்டராகப் பணியாற்றினார், மருத்துவம் படித்தார், கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்தில் வலிதணிக்கும் முறைகளை ஆராய்ந்தார். அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம் 1967-இல் திறக்கப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகள் அவர் சுமந்தது, இறந்துபோன ஒரு மனிதர் தம் மீது வைத்த நம்பிக்கை. கொல்லிமலைப் பூசாரி ஒப்படைத்த பிள்ளைகளும், டேவிட் கொடுத்த சன்னலும் ஒரே வகைக் கொடைகள். சாகிறவர் கொடுக்கிறார்; உடனிருப்பவர் பெறுகிறார்.

ஆராய்ச்சியும் அனுபவமும்

அமெரிக்காவில் எய்ட்சு நோயாளருக்குத் தொண்டாற்றியோரை இரண்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஓமோட்டோ, ஸ்னைடர் என்னும் உளவியலாளர் இருவர், 1995-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பிறர்மீது இரக்கம் என்பதை மட்டும் காரணமாகக் கொண்டோரைவிட, இத்தொண்டினால் தமக்கும் ஏதோ கிடைக்கிறது, தாமும் கற்கிறோம், வளர்கிறோம் என்று கருதியோரே நீண்டகாலம் தொடர்ந்தார்கள் என்பது அவர்கள் கண்டது. பக்தியுள்ள காதுகளுக்கு இது சற்று இடறலாக ஒலிக்கலாம். தன்னலமா தொண்டரைத் தாங்குகிறது என்று நாம் கேட்கக்கூடும். ஆனால் ஆழ்ந்து நோக்கினால் இது தாழ்ச்சியின் குரலே. தாம் கொடுப்பவர், நோயாளி வாங்குபவர் என்று எண்ணுகிறவர் ஒருநாள் கை வறண்டு நின்றுவிடுகிறார். தாமும் பெறுகிறோம் என்று ஒப்புக்கொள்கிறவர் நோயாளியோடு சமமாக அமர்கிறார். அண்மையில் துயரமடைந்தோரை உடனே சேர்த்துக்கொள்ளாமல், ஏறத்தாழ ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்லும் வழக்கம் பல இல்லங்களில் இருப்பதும் கருதத்தக்கது. தம் புண் ஆறாதவர் பிறர் படுக்கையருகே தம் துயரத்தையே காண்பார்.

நம் நாட்டில் 1986-இல் மும்பையில் தொடங்கிய ‘சாந்தி அவேதனா’ இல்லம் இவ்வகையில் முன்னோடி. இல்லங்களால் மட்டும் எல்லாரையும் எட்ட முடியாது என்றுணர்ந்தவர்கள் நம் அண்டை மாநிலத்தார். 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலிதணிப்பு மருத்துவமனையிலிருந்து, ஊர்தோறும் அண்டை வீட்டாரே நோயாளரைக் கவனிக்கும் வலையமைப்பு வளர்ந்தது. அதில் சேர்வோரிடம் கேட்கப்பட்டது வாரத்திற்கு இரண்டு மணி நேரமே. அதற்குமுன் பதினாறு மணி நேர வகுப்பும், நான்கு நாள் களப்பயிற்சியும் உண்டு. ஆசிரியரும் மாணவரும் கூலித் தொழிலாளரும் சேர்ந்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும் வலிதணிப்புப் பராமரிப்பை நோயாளரின் வீட்டிற்கே கொண்டுசெல்ல முனைந்தது. ஆயினும் அரசுச் செவிலியர் வந்துபோன பின் மீதமிருக்கும் நீண்ட நாளில் அருகே அமர்வது அண்டை வீட்டாரின் பணியாகவே எஞ்சுகிறது.

வாரம் இரண்டு மணி நேரம் என்பது நம்மில் பலருக்குப் பழகிய அளவு. 1921 செப்டம்பரில் தப்ளின் நகரில் மரியாயின் சேனை பிறந்தபோது, அதன் உறுப்பினர் ஏற்ற முதல் பணி ஏழைகள் மருத்துவமனையில் நோயாளரைச் சந்தித்ததே. இருவர் இருவராகச் செல்லுதல், அளவான வாரப்பணி, வாரக் கூட்டத்தில் செய்ததை அறிக்கையாகச் சொல்லுதல் ஆகிய எளிய ஒழுங்குகள் அச்சேனையை ஒரு நூற்றாண்டு கடந்தும் நிலைக்கச் செய்தன. கோழிக்கோட்டார் கண்ட வழியும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. எல்லையுள்ள பணி, உடன் வரும் துணை, மனத்தைத் திறந்து சொல்ல ஓர் இடம் ஆகிய மூன்றும் இருந்தால் சாதாரண மனிதரும் நிலைத்திருப்பார்.

நமக்கு உள்ள அழைப்பு

நல்ல மரணத்தின் பாதுகாவலராகப் புனித சூசையப்பரை வேண்டுகிறோம். நம் பாட்டிமார் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று சொன்ன அருளடையாளத்தை, நோயில் பூசுதல் எனச் சரியான பொருளுணர்ந்து இன்று பெறுகிறோம். ஆனால் நல்ல மரணம் என்பது இறப்பவரின் செபத்தால் மட்டும் அமைவதன்று. அருகே யார் இருக்கிறார் என்பதாலும் அமைகிறது. சூசையப்பருக்கு அருகில் இயேசுவும் மரியாவும் இருந்தார்கள் என்று மரபு சொல்வதால்தானே அவரை அப்பட்டத்தால் அழைக்கிறோம்!

நல்ல சமாரியரின் உவமையில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. காயமுற்றவரை அவர் இறுதிவரை தாமே சுமக்கவில்லை. இரவு உடனிருந்தார், மறுநாள் சாவடிக்காரரிடம் பணம் கொடுத்து ஒப்படைத்தார், திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத் தம் வழியே போனார். இரக்கம் அவரை நிற்கச் செய்தது. பணியைப் பகிர்ந்ததும், மீண்டும் வருவதாக வாக்களித்ததும் அவ்விரக்கத்தை வற்றாமல் காத்தன.

நம் பங்குகளிலும் இது இயலும். பெரிய திட்டம் வேண்டியதில்லை. எந்தத் தெருவில் எவர் படுத்திருக்கிறார் என்பதை அறிந்த சிலர், அவர் எச்சமயத்தாராயினும், இருவர் இருவராக, வாரத்தில் ஒரு குறித்த நாளில் சென்றால் போதும். சீப்பால் தலைவாரிவிடலாம், கஞ்சி ஊட்டலாம், பேசாமலும் அமர்ந்திருக்கலாம். இரவும் பகலும் உழைக்கும் மருமகளை ஒரு மணி நேரம் கண்ணயரச் செய்யலாம். அறிவுரை கூறும் ஆசையை மட்டும் வாசலிலேயே விட்டுச்செல்ல வேண்டும். மாதம் ஒருமுறை தொண்டர்கள் கூடித் தம் களைப்பையும் கண்ணீரையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எழுபது வளைவுகள் கடந்து இன்று கொல்லிமலைக்குச் செல்வோர், அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் கண்டு மாலைக்குள் இறங்கிவிடுகின்றனர். வாழவந்தியில் உறங்கும் இருவரும் இறங்கிச் செல்ல வாய்ப்பிருந்தும் இறங்காதவர்கள். அவர்களைப்போல் மலையேற நம்மில் எல்லாருக்கும் இயலாது. அடுத்த தெருவில் படுத்திருப்பவர் வீட்டுக்கு, போன வாரம் சென்றதுபோலவே இந்த வாரமும் செல்ல நம்மால் இயலும்.